இரண்டாம் தண்ணி

ரொம்மன், ஒஸ்லோ
06.05.2025

அன்புள்ள றெஜினோல்ட் அண்ணைக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நாங்கள் மூவரும் சுகம். என் முழங்கால் மட்டும் சொல்வழி கேட்பதில்லை. பஸ்ஸின் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் அதுவும் தன் கருத்தைச் சொல்லுகிறது. அண்ணியும் இல்லாத வீட்டில் உங்கள் சுகமும் மார்க்கின் சுகமும் அறிய ஆவல்.

அண்ணை, நான் கடைசியாகக் கையால் எழுதிய கடிதம், அனஸ்ரேசியாவைக் கலியாணம் கட்டக் கேட்டு எழுதியது. அதற்கு ஓம் என்று பதில் வந்தது. அந்தத் துணிவில்தான் இதையும் எழுதுகிறேன். ரெலிபோன் அடித்தால் நீங்கள் எடுக்கிறீர்கள் இல்லை. மார்க்கைக் கேட்டேன். "மாமா, அப்பா இனி எழுத்திலைதான் கதைப்பாராம்" என்றான். தமிழ்ச் சங்கத்துக்கு இவ்வளவு காலம் செயலாளராக இருந்த மனிதர் வேறு எப்படி இருப்பார் என்று எண்ணிப் பேனையைத் தேடினேன். வீட்டில் பேனை இல்லை. இது பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பேனை. எழுத்து ஊதா நிறத்தில் மினுங்கினால் மன்னியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது எனக்கு இன்னும் விளங்கவில்லை. என் மகள் கரோலினாவுக்கும் உங்கள் மகன் மார்க்குக்கும் கலியாணத் திகதி வைக்கத் திராமனிலிருந்து வந்தீர்கள். இருந்தீர்கள். ரோல்ஸுக்கு எண்ணெய் கூடிவிட்டது என்று சொல்லிக்கொண்டே இரண்டு சாப்பிட்டீர்கள். மார்க் எங்கள் பக்கத்தில் ஒரு வீடு பார்த்ததைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். கரோலினா தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள். நீங்கள் கோப்பைக்குள் ஒருக்கால் பார்த்தீர்கள். மேசையில் வைத்தீர்கள். "ரயிலுக்கு நேரமாச்சு" என்று எழும்பினீர்கள்.

அண்ணை, நீங்கள் வந்தது காரில்.

என்ன பிழை நடந்தது என்று சொன்னால் திருத்தலாம். அவசரமும் இருக்கிறது. கரோலினா சீனாவில் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்துவிட்டு இப்போதுதான் வந்தவள். அவர்கள் அவளை நீண்ட காலத்துக்குத் திரும்பக் கூப்பிடுகிறார்கள். செப்டெம்பருக்குள் பதில் சொல்ல வேண்டும். "அப்பா வந்து நில்லாமல் நான் தாலி கட்டமாட்டன்" என்கிறான் மார்க். "அப்ப நான் வெளிக்கிடுறன்" என்கிறாள் இவள். இரண்டு பேரும் நல்ல பிள்ளைகள், அதாவது ஒருவருக்கொருவர் குறையாத பிடிவாதம்.

எனக்கிருப்பது ஒரு பிள்ளை. அவளைக் கோவிலுக்குள் கூட்டிப்போக ஆசை. விமான நிலையத்துக்கல்ல.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
அருளானந்தன்


திராமன்
12.05.2025

திரு. அருளானந்தன் அவர்கட்கு,

தங்கள் 06.05 திகதிய கடிதம் கிடைத்தது. சுகம் விசாரித்திருந்தீர்கள். சுகம்.

விளங்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். விளங்கப்படுத்துகிறேன்.

சம்பந்தம் பேச வந்தவனுக்குத் தங்கள் வீட்டில் வைக்கப்பட்டது பால் இல்லாத, சீனி இல்லாத, சாயம் இல்லாத வெந்நீர். கோப்பையின் அடியில் வரைந்திருந்த பூ மேலிருந்து தெளிவாகத் தெரிந்தது. அதன் மேல் ஏதோ புல் மிதந்தது. எங்கள் ஆட்களிடையே சாயம் இல்லாத தேத்தண்ணி வைப்பதன் அர்த்தம் தங்களுக்குத் தெரியாதிருக்க நியாயமில்லை. வேண்டாத விருந்தாளிக்குத்தான் அதை வைப்பார்கள். எழும்பிப் போ என்பதை வாயால் சொல்லாமல் கோப்பையால் சொல்வது. நான் எழும்பிப் போனேன். தங்கள் விருப்பத்தை நிறைவேற்றிய பிறகும் தாங்கள் காரணம் கேட்பது வியப்பளிக்கிறது.

ரயில் பற்றிய தங்கள் பகிடிக்கு ஒரு வார்த்தை. ஒரு வீட்டிலிருந்து எழும்பும்போது நாகரிகமுள்ளவன் ஏதாவது ஒரு காரணம் சொல்வான். அது பொய்யாக இருப்பதுதான் அந்த நாகரிகம். தங்களுக்கு அது புரியாததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

பேச்சுவார்த்தை இத்துடன் முடிவடைந்தது.

தங்கள் பேனையை அந்தப் பிள்ளையிடம் திருப்பிக் கொடுக்கவும்.

றெஜினோல்ட்


ரொம்மன்
19.05.2025

அன்புள்ள அண்ணைக்கு,

நாங்கள் சுகம். பதினேழாம் திகதி, நோர்வேயின் தேசிய நாள் கொடி ஊர்வலத்தில் நின்றதில் முழங்கால் வீங்கியிருக்கிறது. உங்கள் "சுகம்" என்ற ஒற்றைச் சொல்லைப் படித்து அனஸ்ரேசியா நீங்கள் நல்ல சுகமாய்த்தான் இருக்கிறீர்கள் என்றா. அவ்வளவு கோபப்பட உடம்பில் பலம் வேண்டுமாம்.

அப்பாடா, இவ்வளவுதானா என்று எனக்கு ஆகிவிட்டது. அது வெந்நீர் இல்லை அண்ணை. அது புல்லும் இல்லை. நான் படிப்பில் சாதாரண தரப் பரீட்சையோடு நின்றவன். அதிலும் விஞ்ஞானத்தில் ஆசிரியர் கருணையால் தப்பியவன். ஆனாலும் மகள் சொன்னதை எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன்.

அது சீனாவின் பச்சைத் தேயிலை. எங்கள் சிலோன் தேயிலையை உருட்டி, நெரித்து, காற்றுப்பட விட்டு, கறுக்கப்பண்ணித்தான் காயவைக்கிறார்கள். சாயம் வருவது அந்தக் கறுப்பில். இதைக் கறுக்கவே விடுவதில்லை. பறித்த இலையைச் சில மணித்தியாலம் பரப்பி வைத்துவிட்டு, சூடான தாச்சியில் போட்டுவிடுவார்கள். அந்தச் சூட்டில் இலை கறுக்கிற வேலையை மறந்துபோகுமாம். ஆகவே சாயம் இல்லை என்பது குறை இல்லை, அதுதான் தரம்.

பிறகு பறிக்கிற காலம். நாங்கள் கார்த்திகையில் சேமக்காலைக்குப் போய்ச் செத்தவர்களின் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்துகிறோமே, சீனாக்காரருக்கு அதுபோல ஒரு நாள் ஏப்ரல் தொடக்கத்தில் வருகிறது. அதற்கு முன்னம் பறித்ததுதான் முதல் தரம். குளிர்காலம் முழுக்க நித்திரை கொண்ட செடி எழும்பி நீட்டுகிற முதல் மொட்டும், அதோடு ஒட்டின சின்ன இலை ஒன்றும். அந்த நாள் கழிந்தால் மழை வரும், வெயில் ஏறும், இலை தடிக்கும், கசப்பு வரும். நகத்தால் கிள்ளக்கூடாதாம், கிள்ளின இடம் கறுத்துவிடும். விரலால் பிடித்து மேலே தூக்கி முறிக்க வேண்டுமாம். காலமை முழுக்கப் பறித்தால் கூடையின் அடி மறையும், அவ்வளவுதான். நானென்றால் கூடைக்குள் ஏறிப் படுத்திருப்பேன்.

அப்படிப் பறித்ததில் ஒரு பொதியைத்தான் கரோலினா உங்களுக்கென்று கொண்டுவந்தாள்.

இவ்வளவு அருமையான சாமானை உங்களுக்கு வைக்கமுதல் சரிபார்க்காமல் விடுவேனா? முதல் ஊற்றிய தண்ணியை நானும் அனஸ்ரேசியாவும் குசினிக்குள் நின்று குடித்துப் பார்த்தோம். திறம். அதற்குப் பிறகுதான் அதே இலையில் திரும்ப நீர் ஊற்றி, இரண்டாம் தண்ணியை உங்களுக்கு அனுப்பினோம்.

இப்போது உங்கள் மனம் ஆறியிருக்கும் என்று நம்பும்,
அருளானந்தன்


திராமன்
24.05.2025

அருளானந்தன்,

சுகத்தை விடும்.

உமது கடிதத்தின் கடைசிப் பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன், எனக்குத்தான் தமிழ் மறந்துவிட்டதோ என்று. மறக்கவில்லை. நீரும் உமது மனைவியும் குசினிக்குள் நின்று குடித்து முடித்த சக்கையில் தண்ணீர் ஊற்றி எனக்கு வைத்திருக்கிறீர். அதை எழுத்தில், கையொப்பத்துடன் ஒப்புக்கொண்டும் இருக்கிறீர். சாயம் இல்லாத தேத்தண்ணி என்று மட்டும்தான் நான் நினைத்திருந்தேன். சக்கைத் தேத்தண்ணி என்று அறிய உமது விளக்கம் தேவைப்பட்டது.

ஒருவன் குடித்த சக்கையில் ஊற்றியதை அடுத்தவனுக்கு வைப்பதை நான் எந்த வீட்டிலும் கண்டதில்லை. உமது தீவுப்பகுதியில் தண்ணீர்தான் தட்டுப்பாடு என்று கேள்விப்பட்டிருந்தேன். தேயிலையும் என்று இப்போது அறிகிறேன்.

இதை மார்க்கிடம் சொல்லவில்லை. பிள்ளைகள் முன்னால் உம்மைச் சிறுமைப்படுத்த எனக்கு விருப்பமில்லை. தபாலில் மட்டுமே விருப்பம்.

றெஜினோல்ட்


ரொம்மன்
03.06.2025

அன்புள்ள றெஜினோல்ட் அண்ணைக்கு,

சுகத்தை விடச் சொன்னீர்கள். விட்டேன். ஆனாலும் உங்களுக்குப் பிரஷர் இருப்பதாக மார்க் சொன்னான். குளிசையை மறக்க வேண்டாம். உங்கள் கடிதத்தில் "தாங்கள்" இறங்கிப்போய் "நீர்" ஏறியிருக்கிறார். பரவாயில்லை, என் பஸ்ஸில் எல்லாரும் ஏறுவார்கள்.

அனஸ்ரேசியா உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தா.

"உங்களை ஆர் உதை எழுதச் சொன்னது?"

"உண்மையைத்தானே எழுதினனான்."

"உண்மையை எழுத நீங்கள் என்ன சுவிசேசகரோ? குடிச்சது குடிச்சம். அதை ஆரும் தபால்ல அனுப்புவினமே?"

இந்த வீட்டிலும் எனக்கு ஆதரவு இல்லை என்பதை அறியத்தருகிறேன்.

தீவைப் பற்றி எழுதினீர்கள். உண்மைதான். எங்கள் கிணறு உவர். அந்தத் தண்ணியில் தேத்தண்ணி குடித்து வளர்ந்த நாக்கு இது, மகள் எதைத் தந்தாலும் திறம் என்றுதான் சொல்லும். ஆனால் நல்ல தண்ணீர் உள்ள ஊரில், கோப்பையை எட்டிப் பார்த்துத் தரம் சொல்லிவிட்டு எழும்புவார்கள் என்று எனக்கும் இப்போதுதான் தெரியும். எங்கள் பக்கத்தில் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் கோபிப்பார்கள்.

சக்கை விசயத்துக்கு வருகிறேன். கரோலினாவிடம் பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டேன். "அப்பா, அது தாச்சியில அமத்தித் தட்டையாக்கின இலை. முதல் தண்ணியில அது விரியவே நேரம் போயிடும். இரண்டாம் தண்ணியிலதான் உள்ள ருசியெல்லாம் இறங்கும். அதாலதான் மாமாவுக்கு இரண்டாவதை வைக்கச் சொன்னனான்" என்றாள். முதல் தண்ணியைக் கீழே ஊற்ற எங்களுக்கு மனம் வரவில்லை, குடித்தோம். அதுதான் குற்றம் என்றால் குற்றம்.

அந்தத் தாச்சி வேலையை நீங்கள் அறிய வேண்டும். வெறுங்கையால் செய்கிறார்கள். சூட்டுத் தாச்சியில் இலையை அமத்தி, தேய்த்து, தூக்கி, திரும்ப அமத்த வேண்டும். சூடு குறைந்தால் இலை சிவந்துபோகும். கூடினால் கருகும். எவ்வளவு சூடு என்று கைதான் சொல்லும். ஒருமுறை வறுத்து, எடுத்து ஆறவிட்டு, பிறகு இரண்டாம் முறையும் போட்டு மினுக்குகிறார்கள். கரோலினாவின் விரல் நுனியெல்லாம் கொப்புளம் போட்டு ஆறின தழும்பு. அவள் வறுத்த முதல் தாச்சியை அங்கத்தைய மாஸ்ரர் மணந்து பார்த்துவிட்டு யன்னலுக்கு வெளியே கொட்டினாராம். அந்தத் திறமை என் பக்கத்தால் வந்திருக்க வேண்டும்.

இத்துடன் ஒரு சின்னப் பேணியில் அதே இலையை அனுப்புகிறேன். எப்படி ஊற்றுவது என்று கரோலினா கைப்பட எழுதிய தாளும் உள்ளே இருக்கிறது. முதல் தண்ணி, இரண்டாம் தண்ணி, எல்லாம் உங்களுக்குத்தான். பிறிட்ஜில் வையுங்கள். நாங்களும் பிறிட்ஜில்தான் வைத்திருந்தோம்.

அருளானந்தன்


திராமன்
16.06.2025

அருளானந்தன்,

குளிசை ஒழுங்காக எடுக்கப்படுகிறது. உமது மேற்பார்வை தேவையில்லை.

உமது பேணி கிடைத்தது. திறக்காமலே சமையல் கழிவு போடும் பச்சைப் பைக்குள் போட்டுவிட்டேன். பச்சைக்குப் பச்சை. அதுமட்டுமல்ல, அந்தத் தேயிலையில் சூடைக் கருவாட்டு மணம். பிறிட்ஜில் எதற்குப் பக்கத்தில் வைத்தீர் என்று கேட்கமாட்டேன், மூக்குள்ளவனுக்குத் தெரியும். பச்சைத் தேயிலை பக்கத்தில் உள்ளதன் மணத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும், இறுக மூடித் தனியாக வைக்க வேண்டும் என்று உமது மகளே தாளில் எழுதியிருக்கிறார். தகப்பன் அதை வாசிக்கவில்லை.

உமது மகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கலியாணம் பேசும் வயதில் ஒரு பெண்பிள்ளை தனியே சீனாவில் மலை மலையாகத் திரிந்து, ஆர் ஆரோடோ நின்று தாச்சியில் கை வைத்ததைப் பெற்ற தகப்பன் பெருமையாக எழுதுகிறார். எங்கள் குடும்பத்தில் பெருமை வேறு மாதிரி. அப்படித் திரிந்தவர் ஒரு வீட்டில் அடங்கி இருப்பார் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

இனி பொதிகள் அனுப்ப வேண்டாம்.

றெஜினோல்ட்


ரொம்மன்
20.06.2025

றெஜினோல்ட் அவர்களுக்கு,

தீவைப் பற்றி எழுதினீர்கள், சிரித்தேன். கருவாடு என்று எழுதினீர்கள், அது உண்மை. என்னைப் பற்றி இன்னும் எழுதலாம், சாமான் நிறைய இருக்கிறது.

என் பிள்ளையைப் பற்றி எழுதியதற்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கடிதத்தை அனஸ்ரேசியாவுக்குக் காட்டவில்லை. காட்டவும் மாட்டேன்.

கொப்புளம் ஆறாத விரல்களோடு வந்து இறங்கினவள், சூட்டுக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து உங்களுக்குத் தந்தாள். நீங்கள் கோப்பைக்குள் பார்த்தீர்கள். கையைப் பார்க்கவில்லை.

நீங்கள் எழுதியதைத் திருப்பி எடுக்கும்வரை என்னிடமிருந்து கடிதம் வராது. அவள் சீனாவுக்குப் போனாலும் போகட்டும். அங்கை அவளுக்குக் கையைப் பார்த்துத்தான் மரியாதை.

அருளானந்தன்


திராமன்
11.08.2025

திரு. அருளானந்தன் அவர்கட்கு,

கோடை விடுமுறை காரணமாகப் பதில் தாமதமாகியது. வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். முழங்காலுக்கு வைத்தியரிடம் காட்டினீரா?

16.06 திகதிய என் கடிதத்தின் மூன்றாம் பந்தி முழுவதும் நீக்கப்படுகிறது. சங்கக் கூட்டக் குறிப்பிலிருந்து நீக்கிய பந்தி எழுதப்படாத பந்தியாகவே கொள்ளப்படும். அது எழுதப்பட்டிருக்கக் கூடாது. மற்றப் பந்திகள் அப்படியே நிற்கும்.

அடுத்து, தேயிலையின் தரம் பற்றிச் சில முறைப்பாடுகள். உமது மகளுக்குத் தெரியப்படுத்தவும்.

கண்ணாடிக் கிளாஸில் ஊற்றினால் மொட்டுகள் நிமிர்ந்து நின்று பிறகு மெல்ல அடிக்குப் போகும் என்று தாளில் எழுதியிருக்கிறார். பெரும்பாலானவை நின்றன. சில நிற்கவே இல்லை, அகலமாக விரிந்து படுத்துவிட்டன. முதல் தரம் என்று சொல்லப்பட்ட பொதியில் இது எப்படி வந்தது?

கொதித்த நீரைச் சற்று ஆறவிட்டு ஊற்றவும் என்கிறார். "சற்று" என்பது என்ன அளவு? முதல் நாள் கசந்தது. மறுநாள் யன்னலோரம் வைத்துவிட்டு ரேடியோச் செய்தி முடிந்தபின் ஊற்றினேன். கசக்கவில்லை. அவித்த கடலை போல ஒரு மணம் இருந்தது, கருவாட்டையும் மீறி. மூன்றாம் தண்ணியில் ஒன்றுமே இல்லை. சக்கை என்ற என் சொல்லை அங்கே மீண்டும் நிலைநாட்டுகிறேன். இரண்டாம் தண்ணி பற்றி இப்போதைக்குக் கருத்து இல்லை.

பெரிய குறை ஒன்று உண்டு. தாளில் உள்ள அளவு நாலு பேருக்கு. ஒரு ஆள் மட்டும் குடிக்கிற வீட்டில் எவ்வளவு போட வேண்டும் என்று எங்கும் இல்லை. அப்படியும் வீடுகள் இருக்கும் என்று யோசித்திருக்க வேண்டும்.

மார்க் ஒஸ்லோவில் வீடு பார்க்கிறான் என்பதை நான் முதன்முதல் அறிந்தது உமது மேசையில்தான். என்னிடம் அவன் அதற்குமுன் சொல்லவில்லை. இதை மேலே உள்ள விடயங்களோடு முடிச்சுப் போட வேண்டாம்.

றெஜினோல்ட்


ரொம்மன்
18.08.2025

அன்புள்ள றெஜினோல்ட் அண்ணைக்கு,

எல்லாரும் சுகம். முழங்காலை வைத்தியர் பார்த்தார். படி ஏறி இறங்கும் வேலையைக் குறைக்கச் சொன்னார். நான் பஸ் ஓட்டுகிறவன், ஏறி இறங்குவது மற்றவர்கள் என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நோர்வேஜியரும் செயலாளர்மாரும் என் பகிடிக்குச் சிரிப்பதில்லை.

நீங்கள் நீக்கிய பந்தியை நானும் நீக்கிவிட்டேன். ஆனால் சும்மா மறந்துவிட்டேன் என்று எழுதினால் பொய். அடுப்பில் பட்ட கைக்குக் கொஞ்ச நாள் வெந்நீரும் சுடும்.

உங்கள் முறைப்பாடுகளைக் கரோலினாவிடம் சொன்னேன், மாமாவுக்குத் தேயிலை பற்றிச் சில கேள்வி இருக்காம் என்று மட்டும். அவள் முகம் மாறியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"அகலமா விரிஞ்சு படுத்ததோ? மாமா அதைக் கண்டவரோ? அப்பா, அது பிந்திப் பறிச்ச இலை. சேமக்காலை நாளுக்குப் பிறகு பறிச்சது கொஞ்சம் கலந்துபோச்சு. இஞ்சை குடிச்ச ஒருத்தருக்கும் கண்ணில படேல்லை, உங்களுக்குக்கூட."

எனக்குப் படாததில் புதினம் இல்லை. திறக்காமல் பச்சைப் பைக்குள் போன பேணிக்குள் இலை நின்றதும் படுத்ததும் எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. அவளுக்கு அந்தப் பை விசயம் தெரியாது. தெரியவும் வேண்டாம். கனநாளைக்குப் பிறகு அவள் சிரித்தாள்.

ஒரு ஆளுக்கு எவ்வளவு என்றும் கேட்டேன். மூன்று விரலால் ஒருமுறை அள்ளுகிற அளவாம். சொல்லிவிட்டு, "ஒரு ஆளுக்கோ?" என்று திரும்பக் கேட்டாள். நான் ஓம் என்றேன். அவள் யோசித்தாள். மார்க்குக்கு ரெலிபோன் எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். கதவு சாத்தித்தான் கதைத்தார்கள். எனக்குக் காது கேட்கும், நோர்வேஜியன் பாஷை வேகமாக வந்தால்தான் கேட்காது.

அனஸ்ரேசியாவும் ஒன்று சொன்னா. அன்றைக்குக் கோப்பைகளைக் கழுவினது அவ. உங்கள் கோப்பை நிறைய இருந்ததாம். "ஒரு முறடும் குடிக்காத தேத்தண்ணிக்கு மனிசன் இவ்வளவு கோபப்படுமே?" என்று கேட்டா. நீங்கள் பதில் சொல்ல வேண்டாம். வீட்டையும் தேத்தண்ணியையும் முடிச்சுப் போட வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள், நான் போடவில்லை.

என் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. எந்தத் தரிப்பில் இறங்க வேண்டும் என்று பயணிக்கு நான் சொல்லக்கூடாது. ஆகவே பிள்ளைகள் எங்கே வீடு எடுக்க வேண்டும் என்று நான் வாய் திறக்கப்போவதில்லை. நீங்கள் திறக்கலாம். நீங்கள் தகப்பன். அவர்கள் உங்களிடம் கேட்காதது பிழை. நீங்கள் அதை அவர்களிடம் சொல்லாமல் என் தேத்தண்ணியில் பழி போட்டதும் பிழை. உங்கள் கடிதங்களை வாசித்தபின் எனக்கும் இப்படி எழுத வருகிறது.

எங்களிடம் மிச்சம் இருப்பது ஒருதரம் போடக் காணும். பச்சைத் தேயிலை பழசாகப் பழசாக மங்கிப்போகுமாம். மாரி வர அதுவும் நீங்கள் சொன்ன வெந்நீர்தான். கரோலினா சீனாவுக்கு இன்னும் பதில் எழுதவில்லை. இந்த மாதக் கடைசி ஞாயிறு பின்னேரம் வாருங்கள். கருவாட்டை வேறு இடத்துக்கு மாற்றியாயிற்று.

வந்து சண்டை பிடியுங்கள். தபாலில் பிடித்து எனக்குப் பேனைதான் முடிகிறது.

அருளானந்தன்


திராமன்
25.08.2025

திரு. அருளானந்தன் அவர்கட்கு,

சுகம். தாங்களும் சுகமாக இருப்பீர்கள். முழங்காலுக்கு மார்க்கிடம் ஒரு தைலம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அது என்னிடம் மேலதிகமாக இருந்தது.

ஞாயிறு வருகிறேன். இதை மன்னிப்பாகக் கொள்ள வேண்டாம். தங்கள் கடிதத்தில் என் பிழை என்று குறிப்பிட்டதை நான் ஏற்கவில்லை. மார்க்கின் பிழை என்று குறிப்பிட்டதை ஏற்கிறேன். அவன் போன கிழமை வந்து என்னோடு இருந்து கதைத்தான். பார்த்த வீடுகளின் படங்களைக் காட்டினான். ஒன்று லில்லஸ்ரோமில், திராமன் ரயில் நேராக வந்து நிற்கும் இடம். நான் அதைப் பரிந்துரைக்கவில்லை. குசினி சிறிது என்று மட்டும் சொன்னேன். கோப்பை கழுவ ஒருவர் நின்றால் மற்றவர் வெளியே நிற்க வேண்டும்.

பங்குத்தந்தையிடம் விசாரித்தேன். ஒக்ரோபரில் கோவில் ஒழிவாக உள்ள சனிக்கிழமைகளை எழுதிக்கொண்டு வருவேன். தெரிவு செய்வது பிள்ளைகள். ஆட்சேபிக்கும் உரிமை எனக்கு உண்டு.

தங்கள் வீட்டில் பின்பற்ற வேண்டியவை. பூப்போட்ட கோப்பை வேண்டாம், கண்ணாடிக் கிளாஸ் வையுங்கள், இலை தெரிய வேண்டும். நீரைக் கொதித்த கையோடு ஊற்ற வேண்டாம். பாலோ சீனியோ மேசைக்கு வந்தால் நான் எழும்பிவிடுவேன், இம்முறை காரணம் சொல்லாமல். ரோல்ஸுக்கு எண்ணெயை வடிய விடவும். கரோலினாவின் கையிலிருந்து வாங்குவேன், தங்கள் கையிலிருந்து அல்ல.

முதல் தண்ணியை நீங்களும் அனஸ்ரேசியாவும் அன்றுபோலக் குசினிக்குள் நின்று குடித்துவிடுங்கள்.

எனக்கு இரண்டாம் தண்ணி.

றெஜினோல்ட்